பழைய தந்திரக் காட்சிகளும் ரசிகர்களின் வரைகலையும்: ஒரு மறுப்பு

பழைய அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களில் இடம்பெற்ற தந்திரக் காட்சிகளை, அத்தொடர்களின் ரசிகர்களே கணினி வரைகலையால் புதிதாக உருவாக்கி, பழைய காட்சிகள் இருந்த இடத்தில் பொருத்திப் பார்க்கும் வழக்கம் சில பத்தாண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. இம்முயற்சிகள் மூலப் படைப்பைச் சிதைக்கின்றன, அக்காலக் கைவினைஞரின் உழைப்பை அவமதிக்கின்றன, உரிமையாளரின் சொத்தைக் களவாடுகின்றன, ஆகவே புதுப்பிக்கும் பொறுப்பு உரிமை பெற்ற நிறுவனத்துக்கு மட்டுமே உரியது என்பது திரைப்பட ஆர்வலரிடையே பரவலாக நிலவும் கருத்து. நான்கு கூறுகள் கொண்ட இக்கருத்தில் உண்மையின் சாயல் இல்லாமல் இல்லை. எனினும் ஒவ்வொரு கூறையும் தனித்தனியே சான்றுகளோடு வைத்துப் பார்த்தால், இழப்புக்கு யார் காரணம் என்பதை அது தவறாகக் கணித்திருப்பது புலப்படும்.

முதல் கூறு, மூலம் என்பது மாறாத ஒற்றைப் பொருள் என்னும் நம்பிக்கையின்மேல் நிற்கிறது. 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரின் தந்திரக் காட்சிகளை ஒரே கலைஞர் திட்டமிட்டுச் செதுக்கவில்லை. வாராந்தரக் கெடுவுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்ததால் பல நிறுவனங்கள் அவற்றைப் பகிர்ந்து செய்தன. ஏறத்தாழ 11 அடி நீள மாதிரிக் கப்பலை ஒருமுறை படமாக்கிய காட்சிகளே பல அத்தியாயங்களில் திரும்பத் திரும்பப் பயன்பட்டன. 1967-இல் வெளியான 'தி டூம்ஸ்டே மெஷின்' அத்தியாயத்தில் சேதமுற்ற கப்பலாகத் தோன்றுவது, கடைகளில் விற்ற பிளாஸ்டிக் பொம்மைத் தொகுதியை ஒட்டிச் செய்த மாதிரியாகும்; தொகுதியோடு வந்த 1701 என்னும் எண்ணின் இலக்கங்களை இடம் மாற்றி 1017 என்று அதற்குப் பதிவெண் இட்டார்கள். ஆக, இன்று தீண்டத்தகாத மூலம் எனப் போற்றப்படுவது, செய்தவர்களின் பார்வையில் கையிருப்பைக் கொண்டு முடித்த வேலையாகவே இருந்தது.

மூலம் ஒற்றை வடிவமன்று என்னும் இவ்வுண்மையை நெய்யாற்றின்கரை, பாறசாலை, ஆரியங்கோடு போன்ற கேரள-தமிழக எல்லைப்புற ஊர்களின் பார்வையாளருக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1956-இல் தென் திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆனால் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் இப்பகுதியில் அடுத்தடுத்துப் பார்க்கப்பட்டே வந்தன. 1957-இல் வந்த 'மாயாபஜார்' தெலுங்கிலும் தமிழிலும் வெவ்வேறு நடிகர்கள் சிலரோடு எடுக்கப்பட்டது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984-இல் வெளியாகி, 1997-இல் கூடுதல் காட்சிகளோடும் புதிய ஒலியமைப்போடும் மீண்டும் வந்தது. ஒரு படைப்புக்குப் பல வடிவங்கள் இருப்பது அழிவின் அடையாளம் என்றால், தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றின் பெரும்பகுதியையே அழிவு என்று எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாம் கூறு, கைவினைஞரின் உழைப்பு அவமதிக்கப்படுகிறது என்பது. நான்கினுள் இதுவே கனமானது. 'மாயாபஜார்' படத்தின் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி, கறுப்பு வெள்ளைச் சுருளில் நிலவொளியையும் கடோத்கசனின் விருந்தையும் காட்டிய திறம், வண்ணமோ கணினியோ கொண்டு மேம்படுத்த வேண்டிய குறையன்று. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலுள்ள நேமத்தில் பி. சுப்பிரமணியம் நிறுவிய மெரிலேண்ட் ஸ்டுடியோவிலிருந்து வந்த புராணப் படங்களின் மாயக் காட்சிகளுக்கும் இது பொருந்தும். ரசிகர் முயற்சிகளுள் பல, ஒளியின் திசையையும் காட்சியின் தாளத்தையும் கவனியாமல் கப்பலைச் சுழற்றிப் பறக்கவிடுவதோடு நின்றுவிடுகின்றன என்பதும் மெய்.

ஆனால் மோசமான முயற்சிகள் இருப்பதனால் முயற்சியே அவமதிப்பு ஆகிவிடாது. மாற்றுக் காட்சியை அமைப்பவர் மூலத்தின் உரையாடலையும் இசையையும் வெட்டுகளையும் மாற்ற முடியாததால், பழைய காட்சி எத்தனை வினாடி நீடித்ததோ அத்தனை வினாடிக்குள் தம் காட்சியை அடக்க வேண்டியவராகிறார். மாதிரிக் கப்பலின் அளவு, விளக்குகளின் நிலை, படக்கருவி நகர்ந்த வழி ஆகியவற்றைச் சட்டம் சட்டமாக ஆராயாமல் இதைச் செய்ய இயலாது. மேற்கூறிய 1967-ஆம் ஆண்டு அத்தியாயத்துக்குத் தம் சொந்த ஆர்வத்தால் கணினிக் காட்சிகளை அமைத்துப் பார்த்த டேரன் டாக்டர்மன், முதல் ஸ்டார் டிரெக் திரைப்படத்துக்கு 2001-இல் வெளியான இயக்குநர் பதிப்புக்கு வரைகலை மேற்பார்வை செய்தவர். பழைய கலைஞரின் தொழிலை நுணுக்கமாக அறிந்து மதிப்பவர்களே இவ்வேலையில் இறங்குகிறார்கள் என்பதற்கு அவர் ஒரு சான்று.

மூன்றாம் கூறு சட்டம் பற்றியது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்தின் ஆசிரியர் என்று கருதப்படுபவர் அதன் தயாரிப்பாளரே. படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அதன் உரிமை நீடிக்கும். அக்காலத்துக்குள் ஒரு படைப்பை மாற்றி அனுமதியின்றிப் பரப்புவதற்கு, அதிலும் விலைக்கு விற்பதற்கு, இக்கட்டுரை நியாயம் தேட முற்படவில்லை. ஆனால் உரிமை மீறல் வேறு, கலைச் சிதைவு வேறு. அனுமதி பெற்றுச் செய்த மாற்றம் கலையைச் சிதைக்கக்கூடும். அனுமதி பெறாத மாற்றம் அதைத் தொடாமலே விடக்கூடும். தமிழின் தொடக்கக்கால அறிவியல் புனைகதைப் படமும், வேற்றுக்கிரகத்தார் தமக்கு இசை கற்பிக்க ஒரு பெண்ணைக் கடத்திச் செல்வதாகக் கதை கொண்டதுமான 'கலை அரசி' 1963-இல் வெளியாயிற்று. திரைப்படம் என்ற அளவில் அதன் உரிமைக்காலம் 2023-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. பாடல்களுக்கும் இசைக்கும் தனி உரிமை தொடர்வதை மறவாமல் ஒருவர் அதன் விண்வெளிக் காட்சிகளை மட்டும் புதிதாக அமைத்துக் காட்ட முன்வந்தால், களவு என்னும் சொல்லுக்கு அங்கே இடமே இராது.

நான்காம் கூறு, உரிமையாளரின் கையில் மூலம் பாதுகாப்பாக இருக்கும் என்பது. வரலாறு இதற்கு நேர்மாறானது. பிரிட்டனின் பிபிசி நிறுவனம் 'டாக்டர் ஹூ' தொடரின் 1960களைச் சேர்ந்த பல அத்தியாயங்களின் ஒளிநாடாக்களைத் தானே அழித்துவிட்டது. காணாமற்போன அத்தியாயங்கள் அனைத்தின் ஒலியும் இன்று எஞ்சியிருப்பதற்குக் காரணம், ஒளிபரப்பின்போது வீட்டிலிருந்த ரசிகர்கள் அவற்றை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்ததே. 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் உரிமையாளர் 1997-இல் வரைகலையால் மாற்றிய பதிப்பை வெளியிட்டபின், திரையரங்குகளில் முதலில் ஓடிய வடிவத்தைச் சந்தையிலிருந்து பெரும்பாலும் விலக்கிவைத்தார். அவ்வடிவத்தைப் பல மூலங்களிலிருந்து திரட்டி மீட்டவர்கள் ரசிகர்கள். இந்தியாவில், 2010-இல் வண்ணமூட்டி வெளியிடப்பட்ட தெலுங்கு 'மாயாபஜார்' நீளத்தில் குறைக்கப்பட்டது. 2013-இல் வந்த 'ராஞ்சனா' படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவால் மாற்றிய முடிவோடு மீண்டும் திரையிடப்பட்டபோது, இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தும் அது நிற்கவில்லை. ஏனெனில் மாற்றியது உரிமை பெற்ற நிறுவனம்.

திருவிதாங்கூர் தந்த பாடமும் இதுவே. ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்', மலையாளத் திரையின் முதல் படமாகக் கொண்டாடப்படினும், அதன் பிரதி எதுவும் எஞ்சவில்லை. அவருடைய உறவினர் நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்டவர்மா' மௌனப்படமோ, அதற்கு மூலமான நாவலின் உரிமை குறித்து கமலாலயா புத்தக டிப்போ தொடுத்த வழக்கால் திரையிலிருந்து இறக்கப்பட்டு, 1974-இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்கு வந்தது. ஒன்றை யாரும் காக்கவில்லை. மற்றொன்று வழக்கில் சிக்கி முடங்கியதால் தற்செயலாகத் தப்பியது. அப்படத்தின் பெயருக்குரிய திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் பலாமரத்தின் பட்டுப்போன அடிமரத்தை, நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இன்றும் காத்து வருகிறார்கள். அதனருகே எத்தனை புதுக் கன்று நட்டாலும் அடிமரத்துக்குக் கேடில்லை, அதைப் பெயர்த்தெடுத்தால் மட்டுமே கேடு.

இவ்வேறுபாட்டை உணர்ந்த நிறுவனங்களும் உண்டு. 'டாக்டர் ஹூ' தொடரின் 'தி டாலெக் இன்வேஷன் ஆஃப் எர்த்' கதைக்கு 2003-இல் வெளிவந்த டிவிடி வட்டில், 1964-ஆம் ஆண்டின் பறக்கும் தட்டுக் காட்சியையோ புதிய கணினிக் காட்சியையோ பார்வையாளரே தேர்ந்துகொள்ளலாம். 2006 முதல் புதிய வரைகலையோடு ஒளிபரப்பான ஸ்டார் டிரெக், 2009-இல் புளூ-ரே வட்டாக வந்தபோது இரு வடிவங்களையும் ஒருசேரத் தந்தது. இரண்டும் அருகருகே இருக்கும்போது பழையதன் மதிப்பு குறைவதில்லை. எதை எதனால் ஈடுகட்டினார்கள் என்று ஒப்பிட்டுக் கற்கவும் வழி பிறக்கிறது.

ஆகவே எந்தப் புதுப்பிப்பையும் எடைபோட, செய்தவர் ரசிகரா நிறுவனமா என்னும் கேள்வி உதவாது. மூலம் மாற்றமின்றிப் பார்வையாளருக்குக் கிடைக்கிறதா, மாற்றிய இடங்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டனவா, பிறர் உழைப்பை விற்றுப் பணம் ஈட்டப்பட்டதா என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுள் முதலாவதில் தவற வல்லவர் மூலப் பிரதியைக் கையில் வைத்திருப்பவர் ஒருவரே. ரசிகர் எத்தனை கப்பல்களை வரைந்தாலும் 1967-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கப்பலை அவரால் அழிக்க முடியாது.