எம்டன்: யாருடைய வீரம், யாருடைய சாவு?

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்களிடையே, எவரிடமும் பிடிபடாத சாமர்த்தியசாலியைப் ‘பெரிய எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு போர்க்கப்பலின் பெயர் பாராட்டுச் சொல்லாகி, பிழைப்புத் தேடி வந்தவர்களோடு மும்பைக்கும் வந்து சேர்ந்தது.

1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் கப்பலான எம்டன், சென்னைத் துறைமுகத்தின்மீது சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. குறைந்தது ஐந்து பேர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். அதற்குச் சில நாட்கள் முன்புதான், படைகளை ஏற்றிச் செல்லப் பம்பாய் நோக்கி வந்த ‘இன்டஸ்’ கப்பலை அது மூழ்கடித்திருந்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ எம்டனை வீழ்த்தியது.

இக்கதையை 1926இல் மியூனிக் நகரின் எமெல்கா நிறுவனம் ‘நமது எம்டன்’ என்ற மௌனப் படமாக்கியது. இயக்கியவர் லூயிஸ் ரால்ஃப். ஹிமான்ஷு ராயுடன் இணைந்து புத்தரின் வாழ்க்கையை 1925இல் படமாக்கியதும் இதே நிறுவனம்தான். உயிர்தப்பிய எம்டன் மாலுமிகள் பலர் இதில் நடித்தனர். 1928இல் ஆஸ்திரேலியாவின் கென் ஹால், ‘சிட்னி’ கப்பலின் காட்சிகளைப் புதிதாகச் சேர்த்து, அதே படத்தைத் தம் நாட்டுக் கடற்படையின் பெருமையாக மாற்றினார். 1932இல் ரால்ஃப் அதைப் பேசும் படமாக்கினார். மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சியேறினார்.

தோற்றவருக்கும் வென்றவருக்கும் ஒரே படச்சுருள் எவ்வாறு பயன்பட்டது? இரண்டிலும் நாயகர்கள் சீருடை அணிந்தவர்களே. காலனிகளுக்காகவும் சந்தைகளுக்காகவும் இரு ஏகாதிபத்தியங்கள் மோதின என்ற உண்மையை வீரக்கதை மூடிவிடுகிறது. எம்டனின் தளபதி முல்லர், பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைக் கண்ணியமாக நடத்தினார் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு தளபதியின் கண்ணியம் போரின் நோக்கத்தை மாற்றிவிடாது. அந்தப் போரில் பிரிட்டிஷ் மகுடத்துக்காக மடிந்த இந்தியப் படையினர் சுமார் 74,000 பேர். கப்பலின் பெயரை நம் மொழி காப்பாற்றியது. துறைமுகத்தில் மாண்டவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இன்று மும்பைத் திரைத்துறையும் போர்ப் படங்களைக் குவிக்கிறது. அரங்கில் கைதட்டு எழும்போது உழைக்கும் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்தப் போரில் லாபம் யாருக்கு? செத்தவர்களில் யாருடைய முகம் திரையில் இல்லை? இவ்விரண்டையும் கேட்கப் பழகிய மக்களைப் போர்வெறிக்கு இரையாக்குவது எளிதல்ல.