பிரிக்கப்படாத பெட்டிகள்

எங்கள் நண்பர் 2025 ஜனவரியில் காலமானார். டெட்ராய்ட் நகரின் வடபுறப் புறநகர் ஒன்றில், தம் வீட்டு நிலவறையில், உண்மைக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் கார்களைக் கட்டிக்கொண்டிருந்தவர். வயது எழுபத்தாறு. தமிழரல்லர், எழுத்தாளரும் அல்லர். பதினோரு ஆண்டுகளாக வியாழக்கிழமை மாலைகளில் அவருடைய மேசையைச் சுற்றி அமர்ந்து கைவேலை கற்றுக்கொண்ட தமிழர்கள் நாங்கள் மூவர். ஓர் இலக்கியப் பக்கத்தில் இவரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அவர் இறந்தபின் அவருடைய பொருள்களைச் சுற்றி எழுந்த வாதங்களில், நூல்களையும் நூலாசிரியர்களையும் நினைவுகூரும்போது நாம் வழக்கமாகச் செய்யும் பிழைகள் அப்படியே வெளிப்பட்டன. அவற்றை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நிலவறையில் மூன்று வகைப் பொருள்கள் இருந்தன. கட்டி முடித்த கார்கள் ஒரு சுவர் முழுக்க. இன்னும் பிரிக்கப்படாத பெட்டிகள் இருநூறுக்கும் மேல். மேசை விளக்கின் கீழ், பாதி கட்டிய நிலையில் 1955ஆம் ஆண்டின் செவ்ரலே பெல் ஏர் ஒன்று. வேறு மாநிலத்திலிருந்து வந்திருந்த அவருடைய மகள் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: இவற்றை என்ன செய்வது?

முதல் விடையைச் சொன்னவர் விலை மதிக்க வந்த ஒரு சேகரிப்பாளர். பெட்டிகளைப் பிரிக்காதீர்கள் என்றார் அவர். மேலுறையின் கண்ணாடித்தாள் கிழிந்தால் மதிப்புப் பாதியாகிவிடும். கட்டியவற்றுக்கோ மதிப்பே கிடையாது. இரண்டாவது விடை எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்தவர் ஒருவரிடமிருந்து வந்தது. அந்தச் செவ்ரலேயைத் தொடாதீர்கள், ஒரு கண்ணாடிப் பேழைக்குள் அப்படியே வையுங்கள் என்றார். எழுதி நிறுத்திய கைப்பிரதியில் வேறொருவர் பேனா வைக்கலாமா என்பது அவர் வாதம். ஒன்று வணிகர் சொன்னது, மற்றது ரசிகர் சொன்னது. இரண்டும் எதிரெதிரானவைபோலத் தோன்றும். ஆனால் பொருளைத் தொடாதிருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று இருவருமே நம்புகிறார்கள். எங்கள் வழக்கு அந்த நம்பிக்கையோடுதான்.

எங்கள் நண்பர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொன்னால்தான் வழக்கு விளங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு, 1930 முதல் 1968 வரை, அமெரிக்கச் சிறுவர்களுக்கென்று ஒரு கைவினைப் போட்டியை நடத்தியது. தொடக்கத்தில் அவர்கள் செய்ய வேண்டியிருந்தது நெப்போலியன் காலத்துக் கோச்சு வண்டி ஒன்றின் சிற்றுரு. 1937 முதல் தாமே வடிவமைத்த கார்களையும் அனுப்பலாம் என்றானது. பரிசு கல்லூரி உதவித்தொகை. 1947இல் வென்ற சக் ஜோர்டன் என்ற இளைஞர் பின்னாளில் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். சிறுமிகளுக்கு அப்போட்டியில் இடமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் நண்பர் அதைச் சொல்லாமல் அந்தக் கதையை முடித்ததில்லை, ஏனெனில் அவருக்கு உப்புத்தாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அக்காள்.

1965இல், பதினேழு வயதில், மரத்தில் செதுக்கிய ஒரு காரை அவர் அந்தப் போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு பட்டறையில் அச்சுகளுக்கான மர மாதிரிகள் செய்யும் வேலையில் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றார். மாலைகளில் நிலவறைக்கு இறங்கிச் சிறிய கார்களைக் கட்டினார். தோற்றவரின் ஆறுதல் என்று இதைக் கருதிவிடக் கூடாது. தோல்வியைப் பற்றி அவர் பேசியபோதெல்லாம், தம் காரின் பின்பக்க வளைவு எவ்விடத்தில் பிழையாயிற்று என்பதை மட்டுமே பேசினார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வளைவை விரலால் காற்றில் வரைந்து காட்டுவார்.

பொழுதுபோக்கு என்ற சொல்லை அவருடைய இறுதிச் சடங்கில் பலர் பயன்படுத்தினார்கள். நல்லெண்ணத்தோடுதான். ஆனால் அந்தச் சொல்லே அவதூறு. பொழுதைப் போக்க விரும்புகிறவன் இப்படிச் செலவிட மாட்டான். ஐந்து மீட்டர் நீளமுள்ள கார் இந்த அளவில் இருபது சென்டிமீட்டராகும். ஆனால் பெயிண்ட் தானாகச் சுருங்காது. உண்மைக் காரின் மீதுள்ள பூச்சு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். இருபத்தைந்தில் ஒன்றாக்கினால் அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. அத்தனை மெல்லிய பூச்சை எந்தக் கையாலும் பூச முடியாது என்று தெரிந்தே, பூசுவதும் நீர்விட்டுத் தேய்ப்பதும் மீண்டும் பூசுவதுமாக அவர் அதை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பார். கதவிடுக்கின் கோடு பூச்சில் மூழ்கினால் எல்லாவற்றையும் கரைத்து நீக்கிவிட்டு மறுபடி தொடங்குவார். ஒரு வாக்கியத்துக்காக ஒரு பக்கத்தைக் கிழித்தெறியும் எழுத்தாளரைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிற நாம், இதைப் பொழுதுபோக்கு என்கிறோம்.

இனிச் சேகரிப்பாளருக்கு வருவோம். பிரிக்காத பெட்டிக்குள் காலம் நுழைவதில்லை என்பது அவருடைய மதம். பொருளறிவு சிறிதும் இல்லாத மதம் அது. இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் மென்வினைல் டயர்களில் ஒரு நெகிழ்வூட்டி கலந்திருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது கசிந்து, டயரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் பாகத்தை உருக்கிவிடுகிறது. கண்ணாடிப் பாகத்தின்மேல் டயர் கிடந்தால், அந்த வட்டம் அதில் சூடுபோட்டதுபோலப் பதிந்துவிடும். ஒட்டுப்படங்கள் மஞ்சளிக்கின்றன. ஏ.எம்.டி. நிறுவனம் கார் விற்பனையகங்களுக்கென ஐம்பதுகளில் செய்தளித்த அசிட்டேட் மாதிரிகள், யாரும் தொடாமலேயே, வெறும் காலத்தால் முறுக்கிக்கொண்டன. பிரிக்காத பெட்டியும் இவ்வாறு கண்ணுக்குத் தெரியாமல் அழிந்துகொண்டுதான் இருக்கிறது. சேகரிப்பாளர் காப்பது காரை அன்று; மேலுறையை.

தவிர, இந்தப் பெட்டிகள் வைத்துப் பார்ப்பதற்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. அதே ஏ.எம்.டி. 1958இல் வெளியிட்ட பெட்டிகளில் ஒரே காரை மூன்று விதமாகக் கட்டலாம் என்ற ஏற்பாடு இருந்தது. ஆலையிலிருந்து வந்த வடிவில் கட்டலாம், சொந்த விருப்பப்படி மாற்றிக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். முடிவைக் கட்டுபவரிடம் விட்டுவிட்ட பெட்டி அது. வாசகனின் பங்கைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதும் நமக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? கண்ணாடித்தாள் கிழியாமல் அதை அலமாரியில் வைப்பவர், பக்கம் வெட்டப்படாத முதற்பதிப்பை வைத்துக்கொண்டு தம்மை வாசகர் என்று சொல்லிக்கொள்பவரே.

இந்தக் குற்றச்சாட்டில் எங்களுக்கும் பங்குண்டு. எங்களில் ஒருவருக்கு நண்பர் ஒரு பிறந்தநாளில் பெட்டி ஒன்றைப் பரிசளித்தார். அரிதான பெட்டி, தம் கைகள் நடுங்கத் தொடங்கியபின் கொடுத்தது. வாங்கியவர் ஏழு ஆண்டுகள் அதைப் பிரிக்கவில்லை. திறமை போதாது, கெடுத்துவிடுவேன், இன்னும் கொஞ்சம் பழகிய பிறகு என்று காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வியாழனும் நண்பர் கேட்பார்: பிரித்துவிட்டீர்களா? கடைசி வியாழனும் கேட்டார். அன்பின் பெயரால், பணிவின் பெயரால், அந்த மனிதருக்கு அவர் கேட்ட ஒரே கைம்மாற்றை நாங்கள் மறுத்தோம். இனி எந்தக் கண்ணாடிப் பேழை செய்தாலும் அந்தக் கேள்விக்கு விடையாகாது.

எனவே எங்கள் வட்டத்து மூத்தவரின் வாதத்தைத்தான் கூடுதல் அக்கறையோடு மறுக்க வேண்டியிருக்கிறது. அது எங்களுடைய பலவீனத்தின் மொழியில் பேசுகிறது. டிக்கன்ஸ் 1870இல் பாதியில் விட்டுச் சென்ற எட்வின் ட்ரூட் நாவலை முடிக்கப் புகுந்தவர்களின் வரிசையை அவர் சுட்டிக்காட்டினார். நியாயம்தான். ஆனால் நம் மரபில் வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. பாணபட்டர் காதம்பரியை முடிக்காமல் மறைந்தபோது அவருடைய மகன் அதை எழுதி முடித்தார். கவித்திறச் செருக்கினால் அல்ல, நூல் நின்றுபோனது நல்லோருக்குத் துயரம் தந்ததால்தான் தொடர்கிறேன் என்ற பொருளில் அவரே தம் பகுதியின் தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார். 1954இல் கல்கி மறைந்தபோது நின்ற அமரதாராவை அவருடைய மகள் ஆனந்தி, தந்தை விட்டுச் சென்ற குறிப்புகளைக்கொண்டு நிறைவுசெய்தார். இருவருமே தந்தையின் இடத்தைக் கைப்பற்ற முயலவில்லை. எந்த இடத்திலிருந்து தம் கை தொடங்குகிறது என்பதை மறைக்கவுமில்லை.

நாவலைக் காட்டிலும் இந்தக் காருக்கு எங்கள் தரப்பு வலுவானது. நாவல் ஒரு மனத்திலிருந்து வருகிறது. இந்தச் செவ்ரலேயோ தொடக்கம் முதலே பலர் கைபட்டது. டெட்ராய்ட்டில் ஒருவர் வரைந்தார். ஒருவர் களிமண்ணில் வடித்தார். ஆலையில் ஆயிரம் பேர் கட்டினார்கள். பின்னர் ஒருவர் அதை அளந்து சிறிதாக்கினார். ஒருவர் எஃகில் அச்சு வெட்டினார். அதன் பிறகே அது எங்கள் நண்பரின் மேசைக்கு வந்தது. அந்த வரிசையின் கடைசி ஆள் தாமே என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால் வியாழக்கிழமைகளில் எங்களுக்குக் கதவைத் திறந்திருக்க மாட்டார்.

கெடுத்துவிட்டால்? கெடலாம். அவருடைய கை எங்களிடம் இல்லை. அந்த உண்மையைப் பூசி மறைக்கும் எண்ணமும் இல்லை. அவர் அடித்த பிரைமரின் ஒரு பகுதியை, பின்பக்கப் பெட்டிமூடியின் உட்புறத்தில், பூசாமல் விடப்போகிறோம். காரின் அடித்தட்டில் அவர் பெயரும், அவர் வேலையை நிறுத்திய தேதியும், நாங்கள் தொடங்கிய தேதியும் இருக்கும். வேறுபாடு தெரிய வேண்டும். தெரிவதே அவருக்கு மரியாதை.

பெட்டிகளைப் பொறுத்தவரை, அவற்றின் உரிமை மகளுடையது. விற்க நினைத்தால் விற்பது அவர் விருப்பம் என்று முதலிலேயே சொன்னோம். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு முழுநாள் யோசித்து, எங்களிடமே ஒப்படைத்தார். இந்நாட்டு மாதிரிக் கார்க்காரர்களிடையே என்.என்.எல். என்று வழங்கும் கூடல்கள் உண்டு. மதிப்பெண் இடும் நடுவர்கள் இல்லாமல், வந்தவர்கள் மேசை மேசையாகப் பார்த்துப் பேசிச் செல்லும் இடங்கள். அங்கே மறைந்த நண்பர்களின் கார்களுக்கென்று ஒரு மேசை ஒதுக்கும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறோம். அவருடைய கார்கள் அந்த மேசையில் இருக்கும். பக்கத்தில் பெட்டிகள். விரும்பும் எவரும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், சிறுமிகளுக்கு முன்னுரிமை. நிபந்தனை ஒன்றே: அங்கேயே பிரித்து, பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முதல் பாகத்தையாவது வெட்டியெடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இதைக் கேள்வியுற்ற சேகரிப்பாளர் எங்களைக் காட்டுமிராண்டிகள் என்றாராம். பெட்டிக்கு இத்தனை டாலர் என்று கணக்கிட்டு, நாங்கள் அழிக்கப்போகும் மொத்தத் தொகையையும் சொல்லியனுப்பினார். அந்தத் தொகையை மறுக்கவில்லை. அதை ஈட்டித்தரும் பொருளுக்கு எங்கள் நண்பரின் நினைவு என்று பெயரிடுவதை மறுக்கிறோம். பேழையைப் பரிந்துரைத்த மூத்தவர் இன்னும் எங்களோடு உடன்படவில்லை. ஆனால் வருகிற வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வந்தால் அவர் காணப்போவது இதுதான். 1955இல் அறிமுகமான அந்த வி-8 எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் எட்டு ஒயர்கள் போக வேண்டும். உண்மையில் ஏழு மில்லிமீட்டர் கனமுள்ள அந்த ஒயர், இங்கே மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பானெட்டை மூடிவிட்டால் யாரும் பார்க்கப்போவதில்லை. ஆயினும் எரியூட்டும் வரிசைப்படியே செருக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை: ஒன்று, எட்டு, நான்கு, மூன்று, ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு. ஆறாம் உருளைவரை செருகியிருக்கிறார். கிள்ளி அந்த ஒயரின் அருகிலேயே இருக்கிறது. அடுத்தது ஐந்து.