குளிசையை ஏன் நிப்பாட்டக் கூடாது?

“ஸ்டென்ட் வச்சாச்சு, இனிக் குளிசை எதுக்கு?” காங்கேசன்துறையில நாங்கள் அடிக்கடி கேட்கிற கதை இது. பதில் பன்றிகளிட்ட இருக்கு.

பன்றியின் இதய நாடி மனிதருடையதை ஒத்தது. அதற்குள் வெறும் உலோக ஸ்டென்ட் வைத்தால், காயம் ஆற வளரும் இழையம் சுமார் 28 நாளில் வழியை ஒடுக்குகிறது. சிரோலிமஸ் மருந்து பூசினால் அந்த வளர்ச்சி குறைகிறது. ஆனால் கம்பியை மூடவேண்டிய மெல்லிய உட்படையும் பிந்தித்தான் வளர்கிறது. மூடாத கம்பியில் இரத்தம் உறையலாம்.

அமெரிக்கா இவ்வகை ஸ்டென்டை முதலில் அனுமதித்தது 2003இல். 2006 பார்சிலோனா மாநாட்டில்தான், காலம் கடந்து வரும் இரத்தக்கட்டி பற்றிய எச்சரிக்கை பெரிதாக எழுந்தது. ஆய்வுப் பன்றிகள் இளசு, நோயில்லாதவை, கெதியா ஆறும். கொழுப்புப் படிந்த மனித நாடிக்கு மாதக்கணக்கு வேணும். அந்த இடைவெளிக்குக் காவல்தான் அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும்.

ஆகவே “ஒழுங்காப் போடுங்கோ” எண்டு மட்டும் சொன்னாக் காணாது. ஏன் எண்டதையும், பல்லுப் பிடுங்கக்கூட வைத்தியரைக் கேளாமல் நிப்பாட்டக்கூடாது எண்டதையும் நல்ல தமிழில எழுதிக் குடுக்கவேணும். எழுதக் கலைப்பீடத்து நாங்கள் தயார். வைத்தியர்கள் சரிபார்த்துத் தரட்டும்.