பரிசாக வந்த மகிழங்கன்று... பட்டுப்போகாமல் காப்பது எப்படி?

கேள்வி: ''இரண்டு வருடங்களுக்கு முன்பு, அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா மகிழங்கன்று கொடுத்தார். நானும் இரண்டு எடுத்து வந்தேன். ஒன்றைப் போன மார்கழியில் கொல்லையில் நட்டேன். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். பங்குனி வரை பச்சையாகத்தான் இருந்தது. சித்திரையில் ஒரே வாரத்தில் கருகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால், வேர் பை உருவத்திலேயே சுருண்டு கிடந்தது. வைகாசியில் அப்பாவும் போய்விட்டார். மிச்சமிருக்கும் ஒரு கன்று இன்னும் பையிலேயே மூன்று அடி உயரத்துக்கு நிற்கிறது. எங்களுடையது களிமண் பூமி. நடவே பயமாக இருக்கிறது. எப்போது, எப்படி நடலாம்?''

– திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: முதல் கன்று ஏன் பட்டுப்போனது என்பதற்கான விடை அவருடைய கடிதத்திலேயே இருக்கிறது. பைக்குள் சுருண்ட வேர், நட்ட பிறகும் வெளிமண்ணுக்குள் போகவில்லை. நாலு மாதமும் அந்தக் கன்று ஒரு பை மண்ணை நம்பியே பிழைத்திருந்தது.

மகிழம், இலுப்பை, சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமையான மரம். தேக்கு, வாகை போன்றவை வறட்சிக் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுத் தண்ணீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ளும். மகிழம் அப்படிச் செய்யாது. கோடையிலும் அத்தனை இலையையும் வைத்துக்கொண்டு நிற்கும். இலை தடிப்பாகவும் மினுமினுப்பாகவும் இருப்பதால், கத்தரி, பூசணி மாதிரி சட்டென்று வாடியும் காட்டாது. இலையில் வாட்டம் தெரியும்போது வேர் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அதனால் மகிழங்கன்றுக்கு இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மண்ணைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

எப்போது நடுவது?

புரட்டாசி நடுவுக்குள் நட்டுவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே கன்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழை முடிந்து நட்டால், வேர் இறங்குவதற்குள் கோடை வந்துவிடும். போன முறை நடந்தது அதுதான்.

இடமும் குழியும்

மகிழம் பெரிய மரமாக வளரக்கூடியது. வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும், மின்கம்பிக்குக் கீழேயும் நடக் கூடாது. மழைநீர் தேங்கும் பள்ளமும் ஆகாது.

2 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து, ஒரு வாரம் ஆறவிட வேண்டும். தோண்டிய மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுவுரம், அரை கிலோ வேப்பம்பிண்ணாக்கு கலந்து நிரப்பினால் போதும். பச்சைச் சாணம் வேண்டாம். அது வேரைச் சுடும், கரையானையும் அழைக்கும். களிமண்ணில் எடுத்த குழியை மணலும் எருவுமாக மட்டும் நிரப்பினால், மழைக்காலத்தில் அது தொட்டி மாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்து வேரை அழுகச் செய்யும். அதனால் அதே மண்ணைத்தான் கலந்து போட வேண்டும். தரைமட்டத்துக்கு மேல் ஓர் அடி மேடு கட்டி, அந்த மேட்டில் நட வேண்டும்.

சுருண்ட வேரை என்ன செய்வது?

இரண்டு வருடம் பையில் இருந்த கன்றுக்கு இதுதான் முக்கியமான வேலை.

1. நடுவதற்கு முதல் நாள் மாலை, பை மண் முழுக்க நனையும்படி தண்ணீர் ஊற்ற வேண்டும்.

2. வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போயிருந்தால், பிடித்து இழுக்காமல் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும்.

3. கன்றைப் படுக்கவைத்து, பையின் அடிப்பாகத்தில் ஓர் அங்குலத்தை மண்ணோடும் சுருண்ட வேரோடும் கூர்மையான கத்தியால் சீவி எடுக்க வேண்டும். பிறகு, பையைப் பக்கவாட்டில் கிழித்து நீக்க வேண்டும்.

4. மண்கட்டியைச் சுற்றி வேர் வளையமாக ஓடியிருந்தால், மேலிருந்து கீழாக நாலு பக்கமும் அரை அங்குல ஆழத்துக்குக் கீற வேண்டும். இதற்குத் தயங்க வேண்டியதில்லை. அறுத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து புது வேர் விட்டு வெளிமண்ணுக்குள் போகும். அறுக்காமல் விட்டால், அந்த வளையம் பின்னாளில் மரத்தின் கழுத்தையே நெரிக்கும்.

5. பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, அதே மட்டத்தில் நட வேண்டும். தண்டைப் புதைக்கக் கூடாது. நட்டவுடன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மண் அணைந்துகொள்ளும்.

வேரை அறுத்திருப்பதால், பத்து நாளைக்கு மேற்குப் பக்கம் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கொடுக்க வேண்டும். மூங்கில் குச்சி ஊன்றி, பழைய துணிக்கிழிசலால் தளர்வாகக் கட்டலாம். ஆடு எட்டாத அளவுக்கு முள்வேலி அவசியம்.

இரண்டு கோடையைத் தாண்ட வேண்டும்

மழை நின்றதும் தை மாதத்திலிருந்து கவனம் தேவை. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். உருண்டை பிடித்தால் ஈரம் இருக்கிறது. உதிர்ந்தாலோ, கட்டியாக இறுகிக் கிடந்தாலோ தண்ணீர் வேண்டும். மாசியில் வாரம் இரண்டு குடம், பங்குனி முதல் வைகாசி வரை வாரம் மூன்று குடம் என்பது ஒரு கணக்கு. ஒரு சொம்பு தண்ணீர் மேல்மண்ணை நனைப்பதோடு சரி. வேருக்குப் போய்ச் சேராது.

தினமும் பார்க்க முடியாதவர்கள், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி இரண்டு மண்பானைகளைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவைக்கலாம். கசியும் ஈரத்தைத் தேடி வேர் போகும். அடுத்த கோடையில் அதே பானைகளை இரண்டடி தூரத்துக்கு மாற்றினால், வேரும் விரிந்துபோகும். காய்ந்த சருகு, வைக்கோலை நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடலாம். தண்டை ஒட்டிப் போடக் கூடாது.

அவ்வப்போது நாலைந்து பழைய இலைகள் பழுத்து விழுந்தால் பயப்பட வேண்டாம். என்றும் பசுமையான மரமும் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும். கொழுந்து கருகினால்தான் கவனிக்க வேண்டும். மாவுப்பூச்சி தெரிந்தால், 10 லிட்டர் தண்ணீரில் 30 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மகிழம் மெதுவாக வளரும் மரம். விதைக்கன்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். வளரவில்லையே என்று உரத்தை அள்ளிக் கொட்டக் கூடாது.

கன்று கொடுப்பவர்கள் கவனிக்க...

விசேஷங்களில் கன்று கொடுப்பது நல்ல வழக்கம். பைக்கு வெளியே வேர் நீளாத இளங்கன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். மரத்தின் பெயர், நடவேண்டிய மாதம், கோடையில் ஊற்றவேண்டிய தண்ணீர் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கட்டிக்கொடுத்தால், பாதிக் கன்றாவது கூடுதலாகப் பிழைக்கும். தை, பங்குனி முகூர்த்தங்களில் வாங்கிய கன்றுகளை, கோடையில் நடாமல் பெரிய பைக்கு மாற்றி, நிழலில் வைத்திருந்து மழைக்காலத்தில் நடலாம்.

வாசகியின் கன்று இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் பிறகு அதிகப் பராமரிப்பு கேட்காது. அது காய்த்துப் பழுக்கும் காலத்தில், பழத்திலிருந்து புதிதாக எடுத்த விதைகளைப் பையில் ஊன்றினால் நிறையக் கன்றுகள் கிடைக்கும். அவருடைய அப்பா கொடுத்தது போலவே, அவர் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு அவரும் மகிழங்கன்று கொடுக்கலாம்.