சிகரத்தைக் காத்தால் போதுமா?

தெல்தோட்டையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தெரியவந்தது. மலைச்சரிவெங்கும் ஒரே பயிராக நின்ற கோப்பி, அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லாமலே போனது. அது போன இடத்துக்குக் காடு திரும்பவில்லை; இன்னொரு ஒற்றைப்பயிர்தான் வந்தது.

மிஞ்சிய காட்டைக் காக்க நாம் உயரத்தில் எல்லை போட்டிருக்கிறோம். 2010இல் ஹந்தானை மலைத்தொடர் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமானது. அதே ஆண்டு நக்கிள்ஸ், ஹோர்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு மூன்றும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. இது பெரிய காரியம்தான். மகாவலிப் பள்ளத்தாக்கு நக்கிள்ஸை மற்ற மலைகளிலிருந்து பிரித்துவைத்ததால், உலகில் வேறெங்குமில்லாத உயிர்கள் அங்கே உருவாகின. மூக்கு நுனியில் இலைபோன்ற நீட்சியுடைய ஓணான் அவற்றில் ஒன்று. 2006இல்தான் அறிவியல் பெயர் பெற்ற தும்பறை ஓணான் இன்னொன்று. வெப்பம் கூடினால் இவை மேலேதான் ஏற வேண்டும். நக்கிள்ஸின் உச்சியோ 1,906 மீற்றர். அதற்கு மேல் இடமில்லை.

சிறுத்தைக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது. காட்டுத்துண்டுக்கும் ஓடைக்கரைக்கும் நடுவே, தேயிலைக்குள் புகுந்துதான் அது நடமாடுகிறது. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அதுவே மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. பழைய தேயிலை நிலங்களில் நட்ட டர்பன்டைன் (பைன்) மரங்களும் காட்டுக்கு மாற்றில்லை. பச்சையாகத் தெரிந்தாலும் உள்நாட்டு விலங்குகளுக்கு அங்கே இரை குறைவு. கோடையில் உதிர்ந்த ஊசியிலைகள் எளிதில் தீப்பற்றுகின்றன.

ஆகவே அடுத்த பாதுகாப்பு வேலை தோட்டங்களுக்குள்தான் நடக்க வேண்டும். ஓடைக்கரைகளையும், கொழுந்து எடுக்க முடியாத செங்குத்துச் சரிவுகளையும் நாட்டு மரங்களுக்கு விடுவது, கம்பனிகளின் குத்தகை நிபந்தனையாக வேண்டும். நாற்று வளர்ப்பதும் சுருக்கு அகற்றுவதும் தோட்டத் தொழிலாளருக்குச் சம்பளமுள்ள வேலையாக வேண்டும். குளவிக்கொட்டுக்கும் சிறுத்தைத் தாக்குதலுக்கும் முதலில் ஆளாவோர் அவர்களே. அந்த இழப்புக்கு உடனடி நட்டஈடு கொடுக்காமல், காட்டைக் காக்கும் பொறுப்பை மட்டும் அவர்கள் தலையில் சுமத்துவது நியாயமல்ல.