நாம் வளர்க்கும் பூனைக்கு மூன்றே கால்

பிடிவாதக்காரரைக் குறித்து, "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். நம் வீட்டுப் பூனைக்குட்டியைப் பற்றி நாம் அவ்வாறு சொன்னால் வாசகர்கள் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் மூன்றுதான் வருகிறது.

சென்ற மார்கழியில் ஓர் இரவு, இரண்டு மாதமே நிரம்பிய அந்தக் குட்டி, குளிருக்கு அஞ்சி அண்டை வீட்டு மோட்டாரின் எஞ்சினுக்குள் புகுந்து உறங்கியிருக்கிறது. விடியற்காலையில் வண்டியைக் கிளப்பவே, சுழலும் பட்டையில் சிக்கி அதன் வலது பின்னங்கால் நசுங்கிப் போயிற்று. தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினோம்.

எலும்பு மட்டும் முறிந்திருந்தால் கம்பி வைத்துப் பொருத்தலாம்; ரத்த ஓட்டமும் நரம்பும் அற்றுப்போன காலை விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து; எடுத்துவிடுவதுதான் உசிதம் என்றார் டாக்டர். உடன் வந்த நண்பர், "ஓர் ஊசியைப் போட்டு நிம்மதியாகப் போகவிடலாமே!" என்றார். இரக்கத்தினால்தான் சொன்னார். நாமும் தயங்கினோம் என்பதை ஒளிப்பானேன்? ஓடித் திரிய வேண்டிய ஜீவன், கால் இல்லாமல் எப்படி வாழும்? டாக்டர் பொறுமையாக விளக்கினார். பூனை தன் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கை முன்னங்கால்களில்தான் தாங்குகிறதாம். ஆகையால் பின்னங்கால் ஒன்று போனால் சமாளிப்பது அவ்வளவு கடினமன்று. "கால் போன துக்கம் உங்களுக்குத்தான். அதற்கு வலி போனால் போதும்" என்றார்.

தொடையின் நடுவில் காலை எடுத்தார்கள். அதற்குக் கீழே மிச்சம் வைத்தால், பூனை அதையே காலென்று நம்பி ஊன்றப் பார்க்கும். உரசி உரசிப் புண்ணாகும்.

வீட்டுக்கு வந்த முதல் இரவை நாம் மறப்பதற்கில்லை. வலி மிகுந்த பூனை கத்தும் என்று நினைத்திருந்தோம். அது கத்தவில்லை, மூலையில் ஒடுங்கிக் கண்களை இடுக்கிக்கொண்டு, உணவை முகரவும் மறுத்தது. அதைக் கண்டு மனம் பொறாத பாட்டி, தமக்காக வைத்திருந்த பாரஸிடமால் மாத்திரையில் கால் பாகத்தைப் பொடித்துத் தேனில் குழைத்துவிட்டார்கள். நல்லவேளையாக, அதே சமயத்தில் நாம் டாக்டருடன் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தோம். விஷயத்தைச் சொன்னதும், "உடனே கொட்டிவிடுங்கள்!" என்று அவர் போட்ட சத்தம் பாட்டிக்கே கேட்டது.

"பச்சைக் குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே அப்பா?" என்றார்கள் பாட்டி. நியாயமான கேள்விதான். மனிதரின் ஈரல் அம்மருந்தை எளிதில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. விஷம் தேங்கி, ரத்தத்தின் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கின்றன. ஈறு பழுப்பேறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று வளர்ந்த பூனையையே கொல்லப் போதுமென்றால், இந்தக் குஞ்சுக்குக் கால் மாத்திரை எம்மாத்திரம்! எடையைப் பார்த்துப் பூனைக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை, வேளை தவறாமல் அன்று முதல் பாட்டியே கொடுத்தார்கள்.

தையலை நக்காதபடி கழுத்தில் ஒரு கூம்பு. காலையும் மாலையும் காயத்தில் சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, நாற்றம் உண்டா என்று பார்ப்பது. மஞ்சளோ எண்ணெயோ தடவுவதில்லை. மணல் புண்ணில் ஒட்டுமாகையால், தாழ்ந்த விளிம்புள்ள தட்டில் பத்திரிகைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டோம். எழுதிப் பிழைப்பவர்களின் எழுத்துக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருப்பதை அப்போதுதான் அறிந்தோம்!

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தபோது டாக்டரிடம் இன்னொரு கண்டனம் கிடைத்தது. குட்டி நடக்கவே இல்லை. நாம் நடக்க விட்டால் அல்லவா? மடியிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து மெத்தைக்கு என்று தூக்கிக்கொண்டே திரிந்தோம். மற்ற காலில் தசை வலுப்பது எப்படி? வழவழப்பான தரையில் சணல் விரிப்பைப் போட்டு இறக்கிவிட்டோம். வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. வீடே "ஐயோ!" என்றது. குட்டி நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தது. வாலைத் துடுப்பாக்கி, இடக்காலை உடலின் நடுவுக்குக் கொணர்ந்து, தத்தித் தத்தி நேரே சமையலறைக்குப் போயிற்று.

மேலே தாவுவதுதான் இன்றும் சிரமம். ஜன்னலுக்கு ஏற வசதியாக இடையில் ஒரு முக்காலி போட்டிருக்கிறோம். பெயர்ப் பொருத்தம் கருதியன்று, வேறு பலகை அகப்படவில்லை. தெருவுக்கு விடுவதில்லை, நாய் துரத்தினால் தப்ப முடியாது. மூன்று காலும் நான்கின் பாரத்தைச் சுமப்பதால் உடல் பெருக்கவும் கூடாதாம். பாட்டியின் தாராளத்துக்கு இது ஒன்றுதான் தடை.

ஒரு விஷயம் மட்டும் டாக்டரும் சொல்லவில்லை. வலது காது அரித்தால் சொறிய அதற்குக் கால் இல்லை. தலையைச் சாய்த்துக்கொள்ளும், எஞ்சிய தொடைக்கட்டை காற்றில் விர்ரென்று அடித்துக்கொள்ளும், காது அரித்தபடியே இருக்கும். இரவு பலகாரம் ஆனதும் அது பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து வலது காதைக் காட்டுகிறது. பாட்டி ஜபமாலையை இடக்கைக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.