குடும்பத்தோடு போனோம்... குனிந்த தலையோடு வந்தோம்!

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் பதினோரு பேர். சென்னையிலிருந்து தம்பி குடும்பம், நாகர்கோவிலிலிருந்து அத்தை, எண்பதைத் தாண்டிய ஆச்சி. முறுக்கும் கேக்கும் அலுத்துப்போன மதியத்தில், "படத்துக்குப் போவோமா?" என்று யாரோ ஆரம்பித்துவைத்தார்கள்.

சுவரொட்டியில் தாத்தா முதல் பேரன் வரை வரிசையாக நின்று சிரித்தார்கள். மூலையில் கடுகளவில் யு/ஏ. பக்கத்தில் இருந்த எண்ணை நான் கவனிக்கவில்லை; என் தப்புதான். படம் தொடங்கும் முன் திரையில் சான்றிதழ் வந்தபோதுதான் 13+ என்று தெரிந்தது. தம்பி மகனுக்கு ஒன்பது வயது.

முதல் அரை மணி நேரம் வயிற்று உபாதையும் குடிகார அப்பாவும். பிறகு இரட்டை அர்த்த வசனம், பருமனான பெண்ணைப் பார்த்துக் கேலி, அங்கி போட்ட ஒருவர் 'அல்லேலூயா' சொல்லிக்கொண்டே அசடு வழியும் காட்சி. அரங்கம் சிரித்தது. எங்கள் வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஏல, இது எப்பம் முடியும்?" என்றார் ஆச்சி.

திரும்பும்போது வேனில் பையன் கேட்டான்: "பெரியப்பா, 'கதவு தொறந்திருக்கா'ன்னு அந்த மாமா கேட்டதும் ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?" டிரைவர் அண்ணன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி எங்களைக் காப்பாற்றினார்.

சினிமாவே பாவம் என்று சொல்ல வரவில்லை. அப்படி வளர்ந்தது எங்கள் அப்பா தலைமுறை. நாங்கள் சிரிக்கத்தான் காசு கொடுத்துப் போனோம். படத்தைத் தடை செய்யுங்கள் என்றும் கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை டிக்கெட் எடுக்கும் முன் சொல்லுங்கள் என்கிறோம்.

சட்டம் இதில் பாதி வழி வந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற ஒரே யு/ஏ பிரிவு 1983 முதல் இருந்தது. 2023ல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டு, அது 7+, 13+, 16+ என மூன்றானது. ஆனால் இந்த எண்கள் பெற்றோருக்கான வழிகாட்டுதல் மட்டுமே. பெற்றோரோ பாதுகாவலரோ தவிர வேறு யாரும் அதை நடைமுறைப்படுத்த முடியாது என்று அதே திருத்தம் சொல்கிறது. அதாவது, ஒன்பது வயதுப் பையனைத் தியேட்டர்காரர் வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. முடிவு முழுக்க எங்கள் தலையில். சரி, ஏற்கிறோம். எதை வைத்து முடிவெடுப்பது? 13+ என்றால் ரத்தமா, கெட்ட வார்த்தையா, படுக்கையறை ஜோக்கா? சுவரொட்டியில் அதற்குப் பதில் இல்லை.

இதே படம் சில வாரங்களில் ஓ.டி.டி.க்கு வந்தால் நிலைமை வேறு. 2021ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, வயதுப் பிரிவோடு வன்முறை, மொழி, பாலியல் போன்ற உள்ளடக்கக் குறிப்பையும் அங்கே காட்ட வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். வீட்டுச் சோபாவில் கிடைக்கும் எச்சரிக்கை, பதினோரு டிக்கெட் எடுத்தவனுக்குக் கவுன்ட்டரில் கிடைக்கவில்லை. பிரிட்டனில் தணிக்கை அமைப்பே ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று ஓரிரு வரியில் வெளியிடுகிறது. இங்கே ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூடப் பச்சைப் புள்ளியும், உள்ளே சேர்ந்தவற்றின் பட்டியலும் உண்டு.

தயாரிப்பாளர்களின் கணக்கும் புரியாமல் இல்லை. 'ஏ' சான்றிதழ் வாங்கினால் அதை அப்படியே டி.வி.யில் போட முடியாது. குடும்பக் கூட்டமும் வராது. முன்பு தமிழக அரசின் கேளிக்கை வரிவிலக்குக்கே 'யு' கட்டாயமாக இருந்தது, 2017ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் அந்த நெருக்கடி ஓய்ந்தது. 'ஏ' சான்றிதழைத் தவிர்க்க, நாலு வார்த்தையை மியூட் செய்து, சைகையையும் குரல் ஏற்ற இறக்கத்தையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இழிந்த இச்சைக்குத் தீனி போடும் இரட்டை அர்த்தச் சொற்கள் கூடாது என்பது 1991ன் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. மியூட் செய்த இடத்தை அரங்கமே நிரப்பும்போது அந்த நெறிக்கு என்ன வேலை?

எங்கள் சபையாருக்கும் ஒரு வார்த்தை. போதகரைக் கேலி செய்தால் மட்டும் மனு எழுதுகிறோம். அந்தப் பருமனான பெண்ணைப் பார்த்து நம் பிள்ளைகளும்தான் சிரித்தார்கள். அதற்கு யாரும் மனு எழுதவில்லை. ஒரு படம் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஏற்றதா என்று பார்க்க, அதில் சிலுவை எப்படி வருகிறது என்பதைவிட, பலவீனமானவரை எப்படி நடத்துகிறது என்பதே நல்ல அளவுகோல். வீட்டுக்குள் அடி, குடி, மனைவியை மட்டம் தட்டுவது ஆகியவை சிரிப்பாகிறதா? சிரித்து முடித்தபின் நம் வீட்டு மேசையில் அந்த வசனத்தைத் திரும்பச் சொல்ல முடியுமா? இந்த இரண்டு கேள்வி போதும்.

கோரிக்கைகள் எளியவை. தணிக்கை வாரியம் சான்றிதழோடு ஒரு வரி காரணத்தைத் தமிழில் தர வேண்டும்: 'இரட்டை அர்த்த வசனம், குடிக் காட்சிகள்' என்பதுபோல. அந்த வரி சுவரொட்டியிலும் டிரெய்லரிலும் டிக்கெட் செயலியிலும் படிக்கிற அளவு எழுத்தில் வர வேண்டும். தியேட்டர்கள் கவுன்ட்டர் அருகே பலகை வைக்க வேண்டும். திருச்சபைகள் பிரசங்க மேடையில் சினிமாவைத் திட்டுவதோடு நிற்காமல், பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் படம் பார்த்துவந்த பெற்றோரைப் பேசவைக்கலாம். இது கிறிஸ்தவர்களுக்கான சலுகை அல்ல. அன்று எங்கள் முன்வரிசையில் பேத்தியோடு வந்திருந்த பர்தா அணிந்த அம்மாவும் இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார்.

வரும் கிறிஸ்துமஸுக்கும் அதே பதினோரு பேர் வருவார்கள். படம் என்ற பேச்சு எடுத்தாலே ஆச்சி முந்திக்கொண்டு கேட்பார்: "அதுல என்னல இருக்கு?" அதற்குச் சுவரொட்டி பதில் சொல்லட்டும்.